அம்மா சாட்சி சொன்னது

என் அம்மா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தாள். சேலையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில் தொங்க அவள் மைதானத்துக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். பயம் என்று ஒன்று இருப்பதையே அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "பயங்கிறது கால் மரத்துப் போற மாதிரிட்டி. ரெண்டு எட்டு நடந்தா போயிரும்" என்பாள். நாய்க்கும் அதுதான் மருந்து, ஊசிக்கும் அதுதான், கணக்குப் பரீட்சைக்கும் அதுதான். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும்.

எங்கள் தெரு நேராகப் போய் பாளையங்கால்வாய்க் கரையில் முட்டி நின்றுவிடும். உள்ளே வந்தவர்கள் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். மொத்தம் பதினெட்டு வீடுகள். தெரு முக்கில் ஒரு பலசரக்குக் கடை. அதை நடத்திவந்தவரைத் தெருவில் பெரியவர் சிறியவர் எல்லாருமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அந்த அக்காவைத் தெரு முழுக்க லாத்தா என்போம். கைக்குழந்தையும் அவளும் மட்டும்தான். ஏதாவது பூனை பாத்திரத்தை உருட்டினால்கூட ஜன்னல் வழியாக "டீச்சரே, டீச்சரே" என்று அம்மாவைக் கூப்பிடுவாள்.

தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் அடுப்படிவரை போய்வரும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சிலிண்டர் போட வருகிறவர். நான் அவரைச் சிலிண்டர் மாமா என்பேன். தோளில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு வந்து கதவில் மூன்று தட்டு தட்டி, "டீச்சர், கேஸு" என்பார். சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போவார். பீரோவை நகர்த்த வேண்டுமா, கிணற்று மோட்டார் ஓடவில்லையா, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் பிடித்து வைத்துக்கொள்வார்கள். லாத்தா வீட்டுத் தொட்டிலுக்குக் கொக்கி அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அது ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். அப்பாவுக்கு வள்ளியூரில் வேலை, அதிகாலையிலேயே பஸ் ஏறிவிடுவார். அம்மா என்னை முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முக்கில் யாரோ கத்தினார்கள். அண்ணாச்சி கடை ஷட்டர் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் கடை அடைக்கும் வழக்கம் கிடையாது. அம்மா சீப்பும் கையுமாக எழுந்து ஜன்னலருகே போனாள். ஒரு பைக் சத்தம் வந்தது. அதற்கு முன்னால் யாரோ ஓடிவரும் சத்தம்.

அப்புறம் எங்கள் கதவு தட்டப்பட்டது. "டீச்சர்... டீச்சர்..."

குரல் எனக்குத் தெரிந்த குரல். "அம்மா, சிலிண்டர் மாமா" என்று சொல்லிக்கொண்டு நான் கதவைப் பார்த்துப் போனேன். அம்மா என்னைத் தாண்டி இரண்டே எட்டில் கதவுக்குப் போனாள். திறக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை உயர்த்தி, படுக்கப் போகும்போது மட்டும் போடுகிற மேல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். திரும்பி என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் இருந்த சீப்பின் பற்கள் என் கன்னத்தில் குத்தின. மறுபடியும் தட்டினார். மூன்றாவது முறையும் தட்டினார். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "லாத்தா..." என்றார். அப்புறம் அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பைக் மெதுவாக அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கால்வாய்க் கரைக்கு அந்தப் பக்கம் வழி இல்லை என்பது அதில் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு கேட்ட சத்தங்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா என்னை விட்டுவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்து, அது முடியும்வரை அசையாமல் நின்றாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பைக் போன பிறகு ஒவ்வொரு வீடாகத் திறந்தது. அண்ணாச்சியும் இன்னொருவரும் அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மற்ற விரல்களுக்கும் மடங்கும் சக்தி இல்லாமல் போனது. காரணம் நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய தம்பிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஒரு கோயில் கொடைவிழாவில் வாய்த்தகராறு. தம்பியைத் தேடி வந்தவர்களுக்குத் தம்பி கிடைக்கவில்லை. சிலிண்டரும் தோளுமாக அண்ணன் கிடைத்தார்.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் வீடுவீடாக வந்து விசாரித்தார்கள். எங்கள் தெரு அன்று பதினோரு மணிக்கு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நாலைந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் டிவி சத்தம் அதிகம். ஒருவர் மிக்சி ஓடியதால் காதில் விழவில்லை என்றார். அன்று காலை மின்சாரமே இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் வாசலில் நின்று கேட்டபோது அம்மா சொன்னாள்: "நான் குளிச்சிக்கிட்டிருந்தேன் சார். எதையும் பாக்கல."

அவர்கள் எழுதிக்கொண்டு போன பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன். "நீ குளிக்கலியேம்மா. எனக்குப் பேன்ல்லா பாத்துக்கிட்டிருந்த?"

அம்மா என்னைப் பார்த்தாள். பொய் சொன்னால் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவிடுகிறவள் அவள். "போய்ப் படி" என்றாள். பெரியவர்கள் குளிப்பதில் வேறு ஏதோ வகையும் உண்டு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் தெரு மூடியே கிடந்தது. பிள்ளைகளை விளையாட விடவில்லை. அண்ணாச்சி பொழுது சாயும் முன்பே கடையை அடைத்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் கதவுக்கு வெளியே இரும்புக் கிராதி போட ஆள் வரவழைத்தார்கள். கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. ட்யூஷனுக்குப் போகும் பெண்பிள்ளைகளை அப்பாமார்கள் கொண்டுவிட்டுக் கூட்டிவந்தார்கள். யாரும் யாரிடமும் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. கால்வாய்க் கரையில் யாரோ மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த மண்ணை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கியிருந்தாள். நீளமான வார்டில் ஓரத்துக் கட்டிலில் சிலிண்டர் மாமா படுத்திருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"டீச்சர், உங்க வீட்டுச் சிலிண்டர் அன்னைக்கே வண்டியில இருந்துச்சு. இப்ப வேற ஆள் கொண்டாருவான். ரெகுலேட்டரைச் சரியா மாட்டுதானான்னு பாத்துக்கிடுங்க. புதுப் பையன்."

அவ்வளவுதான் அவர் பேசியது. அவர் மனைவி கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள். ஒல்லியான பெண். அம்மா நீட்டிய பையை வாங்கிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு உங்க தெருவுல யாருமே வீட்டுல இல்லையா, டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். எழுநூறு பெண்களை ஒரே குரலில் வரிசையில் நிறுத்துகிற அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்தாள். பையைக் கட்டிலின் அடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஏறவில்லை. நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தெற்கு பஜாரில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் நுழைந்து, "விசில் வேணும், பெட்டியோட குடுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வருகிறதோ என்று நான் கேட்டேன். அம்மா பெட்டியைத் திறந்து விசில்களை எண்ணினாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றாள். அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். அவர் சத்தம்போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"நமக்கு இருக்கிறது ஒத்தப் பொம்பளப்பிள்ளை. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாவ. அதத்தான் சனிக்கிழமை பாத்தேனே" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்தார். மறுநாள் வள்ளியூர் பஸ்ஸை விட்டுவிட்டு அம்மாவோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனார். உள்ளே போகவில்லையாம். வெளியே வேப்பமரத்தடியில் குடையோடு நின்றிருந்தாராம். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா தெருவைக் கூட்டினாள். எங்கள் வீட்டு முன்னறையிலும் வாசலிலுமாக ஒரு முப்பது பேர் இருந்தார்கள். அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

"டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்லுதிய. ஆனா இது அவனுவளுக்குள்ள உள்ள பகை. நாம ஏன் நடுவுல போயி விழணும்?"

"பகை அவங்களுக்குள்ளதான் அண்ணாச்சி. தட்டுனது நம்ம கதவை" என்றாள் அம்மா.

 அம்மா எல்லாருக்கும் முன்னால் நின்று, தன் வீட்டுக் கதவை அவர் மூன்று முறை தட்டினார் என்றும், தான் தாழ்ப்பாள் போட்டதாகவும், ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்ததாகவும், வந்தவர்களின் முகத்தை அடையாளம் சொல்ல முடியும் என்றும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் விதிமுறைகளை வாசிக்கிற அதே குரலில்தான் சொன்னாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்று போலீஸிடம் ஒன்று, இன்று தெருவிடம் வேறொன்று என்று அம்மா மாற்றி மாற்றிப் பேசுகிறாளே என்று பட்டது.

வாசலோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற லாத்தா அழ ஆரம்பித்தாள். "என் கதவையுந்தான் தட்டுனாவ. லாத்தா, லாத்தான்னு கூப்பிட்டாவ. நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துட்டேன். அந்த மனுசன் அடிச்ச கொக்கியிலதான் இன்னைக்கும் பிள்ளை தூங்குது."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முதல்ல என் கடைக்குத்தான் ஓடியாந்தான்" என்றார். "உள்ள வந்துரலாம்னுதான் வந்தான். நான் ஷட்டரை இழுத்துட்டேன்."

மிக்சிக்காரர் எழுந்து போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். "பிள்ளைகுட்டிக்காரங்க நாங்க" என்று ஒருவர் போகும்போது சொல்லிக்கொண்டு போனார். மிச்சமிருந்தவர்களிடம் அம்மா விசில் பெட்டியைத் திறந்து நீட்டினாள். முதல் விசிலை எடுத்தவள் லாத்தா.

சட்டம் எளிமையானது. ஆபத்து என்று யாருக்குத் தோன்றினாலும் விசிலை ஊத வேண்டும். கேட்டவர்களும் ஊத வேண்டும். கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வர வேண்டும். கையில் கம்பு, கத்தி எதுவும் கூடாது. "நாம சண்டை போடப் போகல. நிக்கப் போறோம். அவ்வளவுதான்" என்றாள் அம்மா. "அத்தனை வீட்டு ஆளும் வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தா கை ஓங்குறவன் யோசிப்பான்." அண்ணாச்சிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. அவர் போலீஸுக்குப் போன் போட வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பயிற்சி என்று அம்மா அறிவித்தாள். அவளுக்கு எதையும் பயிற்சி இல்லாமல் செய்யத் தெரியாது. முதல் நாள் அவள் விசில் ஊதியதும் ஏழு கதவுகள்தான் திறந்தன. ஒருவர் பாதி முகம் சவரம் செய்து, பாதி முகம் சோப்பு நுரையோடு வந்தார். ஒரு பெரியம்மா தோசைக் கரண்டியோடு வந்துவிட்டு, அது ஆயுதத்தில் சேருமா என்று கேட்டார். எல்லாம் முடிந்து எல்லாரும் உள்ளே போன பிறகு ஒரு தாத்தா கதவைத் திறந்து, "எங்கன தீப்பிடிச்சிருக்கு?" என்று விசாரித்தார்.

மறுநாள் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டாப் வாட்ச்சைக் கொண்டுவந்தாள். யார் கதவு எத்தனை நொடியில் திறக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, இன்னைக்கும் நீங்கதான் கடைசி" என்று அவள் சொல்லும்போது அறுபது வயது அண்ணாச்சி ஆறாம் வகுப்புப் பெண் மாதிரி நெளிவார். நாலாம் நாள் அவர் முதலாவதாக வந்து, சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டிக்கொண்டு, பெருமையோடு நின்றார். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். ஐந்து மணி எப்போது வரும் என்று காத்துக்கிடப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மூன்று மணிக்கே சும்மா விசிலை ஊதிப் பார்த்தோம். தெருவே வெளியே வந்துவிட்டது. அம்மா எங்களைத் தெருவின் இரண்டு முனைக்கும் பத்து முறை ஓடவிட்டாள். ஆனால் உள்ளே வந்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "நேரத்தைப் பாக்காமப் போயிட்டேனே" என்று வருத்தப்பட்டாள்.

இரண்டு மூன்று வாரத்தில் தெரு மெல்லத் திறந்துகொண்டது. பெரியவர்கள் சாயங்காலம் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். எழுந்து போன ஐந்து பேரில் மூன்று பேர் வந்து விசில் கேட்டு வாங்கிப் போனார்கள். அண்ணாச்சியும் லாத்தாவும் ஸ்டேஷனுக்குப் போய்த் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பைக்கில் வந்த அந்த இரண்டு பேரையும் போலீஸ் பிடித்தது. ஆனால் கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம், நாலரை மணி இருக்கும். அம்மா வாசலில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து எங்கள் வாசலில் நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அண்ணன் என்று கூப்பிடுகிற வயதுதான் இருக்கும். பைக்கில் உட்கார்ந்திருந்தவன் வண்டியை அணைக்கவில்லை.

"டீச்சர், நல்லா இருக்கியளா?" என்றான். மரியாதையான குரல். "கோர்ட்டு, கேஸுன்னு அலையப் போறியளாம். உங்களுக்கு எதுக்கு அது? பிள்ளையை வச்சிருக்கிய. ட்யூஷனுக்கு எந்த வழியா போகுதுன்னெல்லாம் எங்களுக்குத் தெரியும்." என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன கிளாஸ் படிக்கியம்மா?"

நான் ஐந்தாம் வகுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த வாளி சரிந்திருந்தது. தண்ணீர் கொட்டி அவள் கான்வாஸ் ஷூவை நனைத்தது. கழுத்தில் விசில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தொட மறந்துவிட்டாளா, கை வரவில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

விசில் சத்தம் எதிர்வீட்டிலிருந்து வந்தது. லாத்தா கதவை முழுக்கத் திறந்துகொண்டு குழந்தையோடு படியில் நின்றாள். கண்கள் பயத்தில் விரிந்திருந்தன. குழந்தை வீரிட்டு அழுதது. அவள் மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இன்னொரு விசில். அப்புறம் அண்ணாச்சி கடையிலிருந்து. கதவுகள் திறந்துகொண்டே வந்தன. ஈரத்தலையோடு ஒருத்தி, பனியனோடு ஒருவர், பிள்ளையின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தவள் அந்தப் பின்னலைக் கையில் பிடித்தபடி. தாத்தா இந்தத் தடவை மூன்றாவதாகவே வந்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கையில் எதுவும் வைத்திருக்கவில்லை. அவரவர் வாசலுக்கு முன்னால் தெருவில் இறங்கி நின்று, அந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள். அண்ணாச்சி கடை வாசலில் காதில் போனை வைத்துக்கொண்டு நிதானமாக வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரன் தெருவின் அந்த முனையைப் பார்த்தான், இந்த முனையைப் பார்த்தான். உள்ளே வந்தவர்கள் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். "வாலே, போவோம்" என்றான் பைக்கில் இருந்தவன். நின்றிருந்தவர்களுக்கு நடுவே பைய வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். யாரும் வழிமறிக்கவில்லை, யாரும் நகர்ந்து வழிவிடவும் இல்லை.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். தெருவைக் கடந்து போய் லாத்தாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். லாத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு முறையும் அம்மா பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டுப் போவாள், உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். சாட்சி சொல்ல அழைத்த நாள் எங்களுக்குப் பரீட்சை விடுமுறை. என்னைத் தனியாக வீட்டில் விட மனமில்லாமல் அப்பா கூடவே கூட்டிவந்தார். கோர்ட்டு வராந்தாவில் நீளமான பெஞ்சு கிடந்தது. ஒரு முனையில் நாங்கள். மறுமுனையில் சிலிண்டர் மாமாவின் மனைவி. மாமா அப்போது சிலிண்டர் தூக்குவதில்லை. இடது கையால் அடுப்பு ரிப்பேர் பார்க்கப் பழகி ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். அன்றைக்கு அவர் வேறொரு வேலையாக வக்கீலோடு போயிருந்தார். ஆஸ்பத்திரியில் பேசிய அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் மனைவி அம்மாவிடம் பேசியதே கிடையாது. இரண்டு வருஷமாக, எந்த வாய்தாவுக்கு வந்தாலும், அந்த மறுமுனையில்தான் உட்காருவாள் என்று அப்பா சொன்னார்.

ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"போலீஸ் முதல்ல வந்தப்போ நீங்க குளிச்சிக்கிட்டிருந்ததா சொன்னீங்க. சரியா?"

"சொன்னேன்."

"இப்போ பார்த்ததா சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

"குளிச்சேன்னு சொன்னது பொய்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவர் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர். வீட்டுக்குள்ள வந்து போறவர். அப்படித்தானே? அன்னைக்கு உங்க கதவைத் தட்டினாரா?"

"தட்டினாரு. மூணு தடவை."

"திறந்தீங்களா?"

"திறக்கல."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

அந்த வார்த்தையை என் அம்மா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பயந்து கதவைப் பூட்டிக்கிட்ட நீங்க ஜன்னல்ல நின்னு முகத்தைப் பார்த்தேன்னு சொல்றதை கோர்ட்டு நம்பணும்?"

 அம்மாவின் அந்த மைதானக் குரல் கேட்டது. "கதவைத்தான் திறக்கல. கண்ணையாவது மூடக்கூடாதுன்னு நின்னேன். கடைசிவரை பாத்தேன். ரெண்டு பேரும் இங்க நிக்கிறாங்க." கையை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும். உள்ளே சலசலப்பு எழுந்தது.

அண்ணாச்சியும் லாத்தாவும் அதே மாதத்தில் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு இன்னும் சில மாதம் கழித்து வந்தது. இரண்டு பேருக்கும் தண்டனை கிடைத்தது. அது பின்னால் நடந்தது. அன்றைக்கு வராந்தாவில் எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. முகமெல்லாம் எரிந்தது. ஏன் இதையெல்லாம் சொன்னாள்? பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே. பொய் சொன்னதையும், பயந்ததையும், திறக்காததையும் இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ளும்படி அந்த வக்கீல் அம்மாவை மடக்கிவிட்டார் என்று தோன்றியது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தண்ணீர் வாங்கப் போனார். அப்போது பெஞ்சின் மறுமுனையிலிருந்து அந்த ஒல்லியான அக்கா எழுந்தாள். வந்து அம்மாவை ஒட்டி, நடுவில் இடமில்லாமல் உட்கார்ந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவளும் அம்மாவைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அழுதாள்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அம்மா தோற்றுவிட்டாள், பாவம் பார்த்து அந்த அக்கா ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.